பகல் நிலையத்தில் பெரட்டு

அப்பாவை இரத்தோட்டை டவுன் பகல் நிலையத்துக்கு முதன்முதலாக வேனில் ஏற்றிவிட்ட காலையில், மார்ஜரி வேலைக்குப் போகும் வழியில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று அழுதாள். பாசத்தால் வந்த அழுகை அல்ல. இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் கைகள் இரண்டும் சும்மா இருந்தன.

அவள் டவுனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறுவார்கள். பதினான்கு பிள்ளைகள். பால் கலக்குவது, தூளி ஆட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அவள்தான். வீட்டுக்கு வந்தால் அதே வேலை எழுபத்தெட்டு வயது அப்பாவுக்கு. பிறந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்தில் கட்டடம் உண்டு, ஆள் உண்டு, சம்பளம் உண்டு. மறதி பிடித்த கிழவனைப் பார்த்துக்கொள்ள மகள் மட்டும்தான் உண்டு. அவள் கணவன் கொழும்பில் ஹோட்டல் வேலை. மாதம் ஒரு தடவை வந்து, "எப்பிடி மார்ஜி சமாளிக்கிற?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போவான்.

அப்பா நோபர்ட் அந்தத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். மறதி வந்ததும் முதலில் மனைவி செத்துப்போனதை மறந்தார். பிறகு கழிப்பறை இருக்கும் திசையை மறந்தார். தனியாக விட முடியாமல் மார்ஜரி அவரைப் பிள்ளைக் காம்பராவுக்கே கூட்டிக்கொண்டு போனாள். தூங்கும் குழந்தைகளுக்கு நடுவே நின்று, "எல்லாம் ஏன் படுத்துக் கிடக்குதுங்க? எழும்பு! வெயில் ஏறிருச்சு!" என்று அதட்டினார். தாய்மார் முறையிட்டார்கள். இன்னொரு நாள் அவரை அங்கே கண்டால் வேறு ஆயாவை வைத்துக்கொள்வதாகத் தோட்டத்து நலன்புரி அதிகாரி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்குள் வைத்துப் பூட்டினாள். மாலையில் கதவைத் திறந்தால் அவர் விரல் முட்டிகளில் ரத்தம் காய்ந்திருக்கும்.

அதனால் பகல் நிலையம் கிடைத்தது அவளுக்குப் பெரிய விஷயம். சிறிய அமைப்பு ஒன்று மூடிக்கிடந்த கடைக்குப் பின்னால் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்தியது. இருபத்திரண்டு முதியவர்கள். காலையில் வேன், மதியம் சோறு, மூன்று மணிக்குத் திரும்ப வேன். மாதக் கடைசிச் சனிக்கிழமை குடும்பத்தாருக்கு ஒரு கூட்டம், தேத்தண்ணியும் ரோல்சும். பொறுப்பாளர் ஹமீமா மாத்தளையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். நல்ல பெண். எல்லாரிடமும் சிரித்துப் பேசுவாள்.

ஆனால் நோபர்ட் இரண்டாவது கிழமையே தட்டை விட்டெறிந்தார். ஹமீமா போன் எடுத்தாள்.

"மார்ஜரி அக்கா, இப்பிடியே போனா எங்களால வச்சிக்க ஏலாது. அவருக்கு விருப்பமான வேலை ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. மறதிக்காரங்களுக்கு பழைய வேலைய குடுத்தா அமைதியாவாங்க."

மார்ஜரி அன்றே எழுதி அனுப்பினாள். 'முப்பத்தெட்டு வருடம் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டில் பேர் கூப்பிடுவார்.' எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெரட்டு என்றால், காலையில் வேலை தொடங்குமுன் தொழிலாளர்கள் வரிசையாக வந்து நிற்பதும், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு அவரவரை மலைக்கு அனுப்புவதும். ஹமீமா ஒரு கொப்பியில் இருபத்திரண்டு பேரையும் எழுதி நோபர்ட்டின் கையில் கொடுத்தாள். அவர் முதுகு நிமிர்ந்தது. குரல் பழைய குரலாயிற்று.

"வரிசையா நில்லு! என்ன சந்தையா இது?"

எல்லாரும் எழுந்து நின்றார்கள். முழங்காலுக்கு நல்ல உடற்பயிற்சி என்று ஹமீமா நினைத்தாள். போனில் வீடியோப் படம் பிடித்துக் குடும்பத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். டவுனில் தையல் கடை வைத்திருந்த மாணிக்கவாசகம், "ஐயா, நான் தையக்காரன், எனக்கு எந்த மலை?" என்று கேட்கிறார். "ஏழாம் நம்பர் மலை. வாய் பேசாம போ" என்கிறார் நோபர்ட். படம் பார்த்தவர்கள் சிரித்தார்கள், இதயங்கள் அனுப்பினார்கள்.

மார்ஜரியும் சிரித்துக்கொண்டுதான் பார்த்தாள். மறுபடி பார்த்தபோது சிரிப்பு நின்றது. படத்துக்குள் சிரித்ததெல்லாம் டவுன்காரர்கள். தோட்டத்திலிருந்து வந்த கிழவிகள் சிரிக்கவில்லை. அவர்கள் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார்கள். பேர் கூப்பிட்டதும் "ஐயா" என்றார்கள். அது விளையாட்டு இல்லை என்று ஹமீமாவுக்குத் தெரியாது. மார்ஜரிக்குத் தெரியும். அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா இப்போது வீட்டிலும் அமைதியாக இருந்தார், ராத்திரியில் எழுந்து கதவை உலுக்கவில்லை. அவளும் தூங்கினாள். தூக்கம் கிடைக்காத ஒருத்திக்குத் தூக்கம் கிடைத்தால் அவள் எதைக் கேட்பாள், எதைக் கேட்காமல் விடுவாள்?

ஆறு கிழமை அப்படியே போயிற்று.

வேன் தினமும் இரண்டு நடை போகும். முதல் நடையில் தோட்டத்தின் மேல் டிவிசன் ஆட்கள், இரண்டாவதில் கீழ் டிவிசன். கீழ் டிவிசனிலிருந்து வருகிறவர்களில் கிருஷ்ணம்மா ஒருவர். எழுபத்துநான்கு வயது, ஆயுள் முழுக்கக் கொழுந்தெடுத்தவர், இப்போது அவருக்கும் மறதி. மகன் கொழும்பில். மருமகள் தர்ஷிகா கலேவெலைப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். மாமியை வேனில் ஏற்றிவிட்டு, மூன்று வயது மகள் தினுஷாவை மார்ஜரியிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவாள். அவள் வீட்டில் அடுப்பு எரிவது இந்த இரண்டு இடங்களை நம்பித்தான்.

அன்று விடியற்காலையிலிருந்து மழை. கீழ் டிவிசனில் மற்றவர்கள் வரவில்லை. கிருஷ்ணம்மா மட்டும் இரண்டாம் நடையில், முக்கால் மணி நேரம் பிந்தி வந்து இறங்கினார். உள்ளே பெரட்டு முடியும் நேரம். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. பதினொரு மணிக்கு, எல்கடுவ பக்கம் ஓடும் த்ரீவீலர்காரன் றிஸ்வான், தோட்டத்துக்கு ஏறும் பாதையில் ஒரு மதகின்மேல் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தவரைக் கண்டு நிலையத்துக்கே கொண்டுவந்து விட்டான். பாதத்தில் கண்ணாடி கிழித்திருந்தது.

அன்று காலை ஹமீமா பிடித்த படம் அதற்கு முன்பே குழுவுக்கு வந்திருந்தது. பிள்ளைகள் தூங்கிய பிறகு மார்ஜரி அதைப் பார்த்தாள். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் பேச்சு எதுவும் கேட்கவில்லை. கடைசி இரண்டு விநாடியில், ஓரத்தில், கிருஷ்ணம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வருகிறார். நோபர்ட் திரும்புகிறார். புறங்கையை வாசல் பக்கமாக ஒரு வீசு வீசுகிறார், கோழியை விரட்டுகிற மாதிரி. அத்தோடு படம் முடிந்துவிடுகிறது.

அந்தக் கைவீச்சை மார்ஜரி எட்டு வயதிலேயே பார்த்திருக்கிறாள். அப்பாவுக்குத் தேத்தண்ணிப் போத்தல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் குடையைப் பிடித்துக்கொண்டு பெரட்டில் நிற்பாள். பிந்தி வருகிறவளைத் திட்டக்கூட மாட்டார். ஒரு வீச்சு. அவ்வளவுதான், அன்றைக்கு வேலை இல்லை. அதற்குப் பேர் வெரட்டு. அதிகம் வெரட்டுப் பட்டது கிருஷ்ணம்மாதான். கைப்பிள்ளைக்காரி. பிள்ளைக்குப் பால் கொடுத்து, காம்பராவில் விட்டுவிட்டு ஓடிவருவதற்குள் பிந்திவிடும். நெஞ்சுச் சட்டை பாலில் நனைந்திருக்கும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடப்பார். கணக்கப்பிள்ளை மகளான மார்ஜரி அந்த வயதில் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள், அவரோ இவளைச் சின்னம்மா என்பார். "கிருஷ்ணம்மா இன்னைக்கும் வெரட்டு" என்று வீட்டில் போய் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் கை வீசியதும் கிருஷ்ணம்மா திரும்பி நடந்திருக்கிறார். மழையில், ஆறு மைல் தள்ளியிருக்கும் வீட்டை நோக்கி.

மாதக் கூட்டம் அந்தச் சனிக்கிழமையே வந்தது. ஹமீமா சுற்றி வளைக்கவில்லை.

"கோவிக்க வேணாம் தர்ஷிகா. வெளியே போற ஆளுங்கள வச்சிருக்க எங்ககிட்ட ஆள் பத்தாது. ஃபோர்ம்ல நீங்க சைன் வச்ச விஷயம்தானே. நாளைக்கு ஒரு லொறியில அடிபட்டா யார் பதில் சொல்றது?"

"மாமி தானா போகல மிஸ்" என்றாள் தர்ஷிகா. மலையிலிருந்து நேரே வந்திருந்தாள், கைவிரல்களில் கொழுந்துக் கறை. "போகச் சொன்னாங்க, போனாங்க. கணக்கப்பிள்ளை வெரட்டிட்டாரு, கணக்கப்பிள்ளை வெரட்டிட்டாருன்னு வந்த நேரத்திலிருந்து அதே பேச்சு. வாசப்படியத் தாண்டணும்னாலும் என்கிட்ட கேட்டுட்டுத் தாண்டுற மனுசி அது."

"வெரட்டினதா? அடிச்சாரா?"

"அடிக்கிறது இல்லீங்க. பிந்தி வந்தா இன்னைக்கு வேலை இல்லன்னு திருப்பி அனுப்புறது."

ஹமீமா மார்ஜரியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, அப்பா அப்பிடி சொல்லக்கூடியவரா? அப்பிடின்னா நான் யோசிக்க வேண்டியது அவரப் பத்தித்தான். அந்தப் பேர் கூப்பிடுறதையும் நிப்பாட்டணும்."

மார்ஜரியின் பையில் போன் இருந்தது. போனில் அந்தப் படம் இருந்தது. தர்ஷிகாவிடம் இருந்தது பட்டன் போன், அவள் படத்தைப் பார்த்திருக்க வழியில்லை. மற்றவர்கள் பார்த்தும் அவர்களுக்கு அது ஒரு கிழவன் கையை ஆட்டுவது மட்டும்தான். அந்த இடத்தில் உண்மை தெரிந்தவள் மார்ஜரி ஒருத்திதான். சொன்னால் கொப்பியைப் பிடுங்கிவிடுவார்கள். கொப்பி இல்லாவிட்டால் அப்பா தட்டை எறிவார். தட்டை எறிந்தால் திருப்பி அனுப்புவார்கள். பிறகு பூட்டிய கதவு, ரத்தம் காய்ந்த விரல்கள், வேறு ஆயா.

"அதெல்லாம் அந்தக் காலத்து சங்கதி மிஸ்" என்றாள் மார்ஜரி. தன் குரல் இவ்வளவு நிதானமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "அவங்களுக்கும் மறதிதானே. பழசையும் புதுசையும் கலந்து சொல்றாங்க போல. பாவம்."

ஹமீமா தலையாட்டினாள். மறதிக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று அவளுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

தர்ஷிகா எழுந்து நின்று பையைத் தோளில் மாட்டினாள்.

"நல்லதுங்க ஆயாம்மா. உங்க அப்பாவுக்கு மறதி வந்தா பெரட்டு நடத்தலாம். எங்க மாமிக்கு மறதி வந்தா பொய்க்காரி."

"ரோல்ஸ் எடுத்துட்டுப் போங்க தர்ஷிகா" என்றாள் ஹமீமா.

"உங்க கணக்கப்பிள்ளைக்குக் குடுங்க மிஸ். பேர் கூப்பிட்டுக் களைச்சிருப்பாரு."

திங்கட்கிழமை தினுஷா பிள்ளைக் காம்பராவுக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. தர்ஷிகா பெரட்டுக்கு வருவதே இல்லை, மாமியோடு வீட்டில் இருக்கிறாள் என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ஹமீமா குழுவில் செய்தி போட்டாள்: நிலையத்தில் ஓர் இடம் காலியாக உள்ளது, தேவையான குடும்பம் தெரிந்தால் அறிவிக்கவும். யாரோ கைகூப்பும் படம் அனுப்பினார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து, அப்பாவைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, மார்ஜரி ஒரு பிஸ்கட் பெட்டி வாங்கிக்கொண்டு கீழ் டிவிசனுக்கு இறங்கினாள். தர்ஷிகாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அவள் முன்னாலேயே ஹமீமாவுக்குப் போன் எடுக்க வேண்டும் என்று பாதை முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். முதல் வாக்கியம்கூடத் தயாராக இருந்தது.

கிருஷ்ணம்மா லயத்து வரிசை வீட்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதத்தில் கட்டு. மார்ஜரியைக் கண்டதும் சுவரைப் பிடித்து எழுந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்தினார். நிலத்தைப் பார்த்தார்.

"உக்காருங்க. எதுக்கு எந்திரிக்கிறீங்க?" என்றாள் மார்ஜரி.

"கொஞ்சம் பிந்திருச்சுங்க சின்னம்மா. புள்ள பால் குடிக்க மாட்டேன்னு ஒரே அழுகை. நாளைக்கு நேரத்தோட வந்துடுறேன். ஐயாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

தர்ஷிகா உள்ளேயிருந்து ஈரக் கையோடு வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். பிஸ்கட் பெட்டியைப் பார்த்தாள், மார்ஜரியைப் பார்த்தாள்.

"கேக்குறாங்கல்ல? சொல்லுங்க ஆயாம்மா. சொல்றதுல நீங்க கெட்டிக்காரிதானே."

தயாராக வைத்திருந்த வாக்கியம் மார்ஜரியின் வாய்வரை வந்தது. அதற்கு அடுத்த வாக்கியம், அதற்கடுத்த திங்கட்கிழமை, பூட்டு, சாவி, எல்லாம் கூடவே வந்தன.

"சொல்றேன்" என்றாள், கிருஷ்ணம்மாவிடம்.

பெட்டியைப் படியில் வைத்தாள். தர்ஷிகா அதைக் காலால் தள்ளவும் இல்லை, கையால் எடுக்கவும் இல்லை. பாதையின் வளைவில் மார்ஜரி திரும்பிப் பார்த்தபோது, கிருஷ்ணம்மா உட்காராமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

ஏற்றத்தில் ஒரு இடத்தில் நின்று போனை எடுத்தாள். ஹமீமாவின் பேரை அழுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளை ஏழரைக்கு வேன் வந்துவிடும், அப்பாவின் சட்டை இன்னும் தோய்க்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. நடையை எட்டிப் போட்டாள்.