மச்சாள் பாடப் போன சனிக்கிழமைகள்

சனிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவின் கீழிடுக்கால் ஒரு வாசம் வரும். ஹெயர் ஸ்பிரேயின் இனிப்பும், சூட்டுக்கோலில் வாட்டிய தலைமயிரின் கருகலும், கீழே அம்மா பொரித்துக்கொண்டிருக்கும் மீனின் மணமும் கலந்து தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற வாசம் அது. கதவைத் தட்டினால் ‘இந்தா வாறன்’ என்ற குரல் வருமே தவிர ஆள் வராது. கடைசியில் ரஞ்சினி மச்சாள் வெளியே வரும்போது முதலில் தலைமயிர் வரும், பிறகுதான் முகம் வரும். கண்ணைச் சுற்றி அப்பியிருக்கும் மை, தோளில் பலகை வைத்துத் தைத்ததுபோல ஒரு கறுப்புச் சட்டை, ஒரு காதில் மட்டும் தோடு. அம்மா அதைப் பார்த்துவிட்டு, “நல்ல காலம், உன்ர கொம்மா யாழ்ப்பாணத்திலை இருக்கிறா” என்பார்.

ரஞ்சினி மச்சாள் அப்பாவின் அக்காவின் மகள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். எண்பதுகளின் தொடக்கத்தில் படிப்பதற்கென்று லண்டனுக்கு வந்து, டூட்டிங்கில் எங்கள் சிறிய வீட்டின் மேல்மாடி அறையில், அதாவது அதுவரை என்னுடையதாக இருந்த அறையில், தங்கினாள். அறை போனதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாமல் போனது சனிக்கிழமைதான்.

அப்பா பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தார். இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று மாறி மாறி வரும்; வீட்டில் இருந்தால் நித்திரை, நித்திரை இல்லாவிட்டால் மௌனம். அவர் வாய் திறப்பது சனிக்கிழமைப் பின்னேரங்களில், அவருடைய பழைய வெள்ளை வான் வண்டியில், பக்கத்தில் நான் இருக்கும்போது மட்டும்தான். மீன் வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் புறப்படுவோம். மீன் வாங்கிய பிறகும் வீட்டுக்குத் திரும்பாமல் பாலத்தால் ஆற்றைக் கடந்து, ஊர் சுற்றிவிட்டு, வேறொரு பாலத்தால் திரும்பி வருவோம். இந்த வீதி ரோமானியர் போட்டது, அதனால்தான் இவ்வளவு நேராகப் போகிறது என்பார். தான் கணக்காளர் சோதனை எழுதப் போய்க் கேள்வித்தாளைப் பார்த்ததும் கை நடுங்கி எழும்பி வந்துவிட்ட கதையையும், அதன் பிறகு அந்தச் சோதனைக்குப் போகவே இல்லை என்பதையும் எனக்கு அந்த வானில் வைத்துத்தான் சொன்னார். “கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை” என்றார். நான் சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் முன்கூட்டியே பயந்து வைத்துக்கொள்ளும் பிள்ளை நான். என் அப்பாவுக்கும் கை நடுங்கியது என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று யாருக்கும் விளங்காது.

மச்சாள் கொலிஜில் சேர்ந்த கொஞ்சக் காலத்திலேயே மூன்று வெள்ளைக்காரப் பொடியன்களோடு சேர்ந்து பாடத் தொடங்கினாள். ஒருவனிடம் கிற்றார், ஒருவனிடம் ட்ரம்ஸ், ஒருவனிடம் மேசையளவு சிந்தசைசர். அந்தக் குழுவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னும் நாலு பேர் இணையத்தில் தேடிப் போய்க் கேட்பார்கள். ஏற்கெனவே கேட்டவர்கள் போதும்.

அவளுடைய குரல் நல்ல குரல் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சங்கீதம் படித்த குரலும் இல்லை. ஒரு சொல்லைக் கடித்துத் துப்புவதுபோலப் பாடுவாள், அடுத்த சொல்லில் சின்னப்பிள்ளை மாதிரிக் குழைவாள். ஆனால் அவள் பாடத் தொடங்கினால் கையில் எடுத்த கரண்டியை யாரும் கீழே வைக்க மாட்டார்கள், அப்படியே நின்றுவிடுவார்கள். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான் நின்றேன்.

பப் ஒன்றில் பாடக் கேட்டிருக்கிறார்கள் என்று அவள் சொன்ன அன்று, வீட்டில் பெரிய சண்டை வரும் என்று நான் நம்பியிருந்தேன். அம்மா அதை ‘கூத்து’ என்றார். அப்பா சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துடைத்துவிட்டு வந்து சொன்னார்: “பாடுறதெண்டால் பாடு. ஆனால் தனிய விட ஏலாது. நான் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வாறன். நான் உனக்குத் தாய்மாமன்.”

எங்கள் ஆட்களுக்குத் தாய்மாமன் என்றால் சும்மா இல்லை. ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் எடுக்கும் ‘சாமத்திய வீட்டில்’ முதல் உரிமை அவருக்குத்தான். தேங்காய் உடைப்பதும் அவர், பாலில் நனைத்த அறுகம்புல்லைத் தலையில் வைத்து, ‘பால் அறுகு’ வைத்துத் தண்ணீர் வார்ப்பதும் அவர். மச்சாளுக்கு யாழ்ப்பாணத்தில் அந்தச் சடங்கு நடந்தபோது அப்பா இங்கே பெற்றோல் அடித்துக்கொண்டிருந்தார். போக முடியவில்லை. அந்தக் குறை அவருக்குள் கிடந்தது; மச்சாள் வந்ததும் எழும்பி உட்கார்ந்துவிட்டது.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் வானின் பின்பக்கத்தில் ட்ரம்ஸும் பொடியன்களும், முன்னால் அப்பாவின் பக்கத்தில் மச்சாள். நானும் வரட்டோ என்று ஒருமுறை கேட்டேன். “பப்புக்குள்ள சின்னப் பிள்ளையளை விடமாட்டாங்கள்” என்றார் அப்பா. உண்மைதான். ஜன்னலில் நின்று வான் வீதி முனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் அது நடுவழியில் நின்றுபோக வேண்டும் என்று நினைப்பேன்; அடுத்த நிமிடமே நின்றுபோனால் அப்பா குளிரில் என்ன செய்வார் என்று பயப்படத் தொடங்கி, அவர் திரும்பி வரும்வரை நித்திரை கொள்ள மாட்டேன். பொறாமைப்படவும் கவலைப்படவும் ஒரே ஆளாகப் போய்விட்டால் ஓய்வே இல்லை.

அவள் வளர்ந்துகொண்டே போனாள். பப்பிலிருந்து கிளப், கிளப்பிலிருந்து கல்லூரி மண்டபங்கள். ஒரு சின்ன இசைத்தட்டு வந்தது; அதன் உறையில் அவள் கன்னத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். வானொலியில் ஒருமுறை போட்டார்கள். கோயிலில், எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான பரமேஸ் அன்ரி அம்மாவிடம், “என்ன, உங்கட மருமகளின்ர தலைக்குக் கறண்ட் அடிச்சுப்போட்டுதோ?” என்று கேட்டார். அம்மா வெட்கத்தில் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் நின்ற அப்பாதான் பதில் சொன்னார். “அது நியூ வேவ் பாட்டுக்காரரின்ர ஸ்டைல், அக்கா. அப்பிடித்தான் இருக்கும்.” ஊரில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் மட்டத்தைப் பற்றிப் பேசுவதுபோல அவ்வளவு நிதானமாகச் சொன்னார். எனக்காக அவர் யாரிடமும் அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லும்படியாக என்னிடம் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் இல்லைத்தான்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் சாமத்திய வீடு வந்தது. அம்மாவின் தம்பிக்கு விசா கிடைக்கவில்லை. நாட்டு நிலைமை அப்படி. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணனான சிவம் மாமாவைத் தாய்மாமன் இடத்தில் நிறுத்துவது என்று முடிவாயிற்று. ஐயர் பார்த்துக் கொடுத்த நல்ல நேரம் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். மண்டபம் எடுத்து, எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகுதான் மச்சாளுக்கு அந்தச் செய்தி வந்தது: ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய மண்டபமொன்றில், பெயர் பெற்ற ஒரு குழுவுக்கு முன்னால் பாட வேண்டும். அதே சனிக்கிழமை, அதே பின்னேரம்.

மச்சாளைக் குறை சொல்ல எனக்கு எவ்வளவோ விருப்பம், ஆனால் இதில் முடியாது. அவள்தான் முதலில் சொன்னாள்: “மாமா, நீங்கள் நில்லுங்கோ. நாங்கள் வேற ஆரின்ரையேன் வானைப் பிடிச்சுக்கொண்டு போறம்.”

“ஆரின்ர வான்? அந்தப் பொடியளுக்கு லைசென்ஸே இல்லை” என்றார் அப்பா. “உன்ர சாமத்திய வீட்டுக்கும் நான் வரேல்லை. இதுக்காவது வரவேணும்.”

அம்மா கையில் இருந்த பலகாரத் தட்டைத் தடாரென்று வைத்தார். “அப்ப உங்கட மகளின்ர சாமத்திய வீட்டுக்கு?”

“அதுக்குத் தாய்மாமன்தானே வேணும்? சிவம் நிக்கிறார்.”

கூடியிருந்த பெரியவர்களுக்கு அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. “ஓம், தகப்பனுக்கு அதிலை என்ன வேலை? வந்த சனத்தை வாங்கோ எண்டு சொல்லுறதுதானே, அதை நாங்கள் சொல்லுவம்” என்றார் சிவம் மாமா. பரமேஸ் அன்ரியும் தலையாட்டினார். முறை என்று பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. சடங்கில் தகப்பன் இன்ன இடத்தில் நிற்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அவர் நிற்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அது எந்தச் சடங்கிலும் வராதபடியால் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

நானாகச் சொல்லியிருக்கலாமே என்று என் மகள் கேட்கிறாள். மூன்று பெண்கள் சேர்ந்து தலையில் பூவைக் குத்திக்கொண்டிருக்கும்போது, பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அதுவும் என்னைப் போன்ற ஒரு பயந்தாங்கொள்ளி, எதைச் சொல்லும்? அப்பா அறை வாசலில் வந்து நின்று என்னை ஒருமுறை பார்த்தார். “வடிவாய் இருக்கிறாய். போட்டு வாறன்” என்றார். வான் புறப்படும் சத்தம் கேட்டது.

என்னைக் கைபிடித்து மண்டபத்துக்குள் கூட்டி வந்தபோது குனிந்த தலையை நிமிர்த்தக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் நிமிர்ந்து நிமிர்ந்து கதவைப் பார்த்தேன். தட்டுச் சுற்றி ஆலாத்தி எடுத்த ஒவ்வொரு சோடிப் பெண்களுக்குப் பின்னாலும் பார்த்தேன். “பிள்ளை, கமராவைப் பாரம்மா” என்று படக்காரர் கத்திக்கொண்டே இருந்தார். அந்த அல்பத்தில் ஒரு படத்திலும் நான் கமராவைப் பார்க்கவில்லை. வெட்கம் என்று எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். கதிரைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்தார், முகம் முழுக்க வெளிச்சம். “சனம் எழும்பி நிண்டு கைதட்டினது” என்று சிவம் மாமாவிடம் சொன்னார். நான் சேலையோடு பக்கத்தில்தான் நின்றேன்.

அதற்குப் பிறகு அவளுடைய வாழ்க்கை நீங்கள் நினைப்பதுபோல மேலே மேலே போகவில்லை. இன்னொரு இசைத்தட்டு வந்தது, விற்கவில்லை. சிந்தசைசர்காரப் பொடியன் வேறு குழுவுக்குப் போனான். அந்த மாதிரிப் பாட்டுக்கே காலம் முடிந்து, வேறு பாட்டு வந்துவிட்டது. கொஞ்சக் காலம் மற்றவர்களுக்குப் பின்னணி பாடினாள். தொண்ணூறுகளில் கலியாணம் கட்டி இல்ஃபோர்ட்டில் குடியேறி, கவுன்சிலில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் பதினாறு வயதில் சோதனை மண்டபத்துக்குள் போகப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டு, சேலைக் கடையில் வேலைக்கு நின்று, கடைசியில் லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தேன். அவள் பாடுவதை நிறுத்திய பிறகாவது அப்பாவின் சனிக்கிழமைகள் எனக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் வளர்ந்துவிட்டேன், வான் பழுதாகிவிட்டது, அவர் பின்னேரங்களில் தொலைக்காட்சி பார்க்கப் பழகிவிட்டார். அவர் காலமாகியும் பல வருடங்கள் ஆகின்றன.

அவள் முதன்முதல் பாடிய பப்பில் இப்போது அடுக்குமாடி வீடுகள். எனக்குச் சடங்கு நடந்த மண்டபம் உடற்பயிற்சி நிலையமாகிவிட்டது. ஆனால் அவளுடைய பாட்டுகள் மட்டும் எப்படியோ திரும்பி வந்திருக்கின்றன. மறந்துபோன இசைத்தட்டுகளைத் தேடி மறுபடி வெளியிடும் ஆட்கள் இருக்கிறார்களாம். போன மாதம் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரப் பொடியன் அவளைப் பேட்டி எடுக்க வேண்டும் என்று வந்தான். அவளுக்குப் பாதி விஷயம் ஞாபகம் இல்லாததால் அவனை என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். எந்த மண்டபத்தில் எந்தப் பாட்டை முதலில் பாடினாள், என்ன சட்டை போட்டிருந்தாள், உறைப் படத்தில் ஏன் கன்னத்தைத் திருப்பினாள், எல்லாம் நான்தான் சொன்னேன். என்னை அவளுடைய பெரிய ரசிகை என்று எழுதிக்கொண்டு போனான். பொறாமைப்பட்டவள் பார்க்கிற அளவுக்கு ஒருத்தியை வேறு யாரும் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது அவனுக்கு எங்கே தெரியும்.

அவன் போன பிறகு தேத்தண்ணி போட்டேன். இத்தனை வருடமாகக் கேட்காததை அன்று கேட்டுவிட்டேன்.

“மச்சாள், வானிலை போகேக்கை நீங்களும் அப்பாவும் என்ன கதைக்கிறனீங்கள்?”

“கதைக்கிறதோ?” அவள் சிரித்தாள். “மாமா எப்ப கதைச்சவர்? போகேக்கையும் இல்லை, வரேக்கையும் இல்லை. ரேடியோவும் போடமாட்டார். முதல்லை நான் நினைச்சன் கோவமாக்கும் எண்டு. நல்லாய்ப் பாடினனானோ எண்டு ஒருக்கால் கேட்டுப் பார்த்தன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அவர் ஆரோடையும் கதைக்கிற ஆள் இல்லைத்தானே.”

“என்னோடை கதைக்கிறவர்” என்றேன். “நீங்கள் வரமுந்தி. சனிக்கிழமையிலை, வானிலை. நிறையக் கதைப்பார்.”

கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். அவளுடைய முகத்தில் ஏதோ ஒன்று இறுகி, கண் என்னை விட்டு விலகி, மேசையில் கிடந்த பிஸ்கற் துணிக்கைகளைப் பார்த்தது. அது என்ன என்று எனக்குக் கேட்டுத் தெரிய வேண்டியதில்லை; ஜன்னலில் நின்ற சனிக்கிழமைகளில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

“என்ன கதைச்சவர்?” என்றாள். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“சும்மா, றோட்டைப் பற்றி” என்றேன்.

அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். நான் எழும்பித் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்தேன். இங்கே நான் எழுதியதும் அப்பா வானில் சொன்னதில் கொஞ்சம்தான். மிச்சத்தை யாருக்கும் சொல்வதாக இல்லை.