கண்ணாடியில் ஒரு மலை

போடிமெட்டிலிருந்து மேகத்துக்குள் இறங்கிய ஜீப்பில் அந்தப் பெண் என் எதிரே உட்கார்ந்திருந்தாள். கணிதம் படிக்கும் கல்லூரி மாணவி. விடுமுறையில் ஏலக்காய் எடுத்துக் கறுத்த நகங்கள், மடியில் ஹால் டிக்கெட். பனி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஒரே கோட்டைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே வந்தாள். மெல்ல ஏறி, உச்சியில் உருண்டு, மெல்ல இறங்கும் கோடு.

"இது எந்த மலை ஆத்தா?" என்றார் பக்கத்திலிருந்த தோட்டத்து அம்மா.

"மலை இல்ல பெரியம்மா, புள்ளியியல் பாடம். பரீட்சையில நெறையப் பேரு நடுவுல நிப்பாக. கொறஞ்ச மார்க்கு இடது ஓரம், கூடுன மார்க்கு வலது ஓரம், அங்க ஒண்ணு ரெண்டு பேருதான்."

"நீ எங்க நிக்கிற?"

அவள் இடது அடிவாரத்தைத் தொட்டாள். "ரெண்டு தடவ பெயிலு. இன்னைக்கும் போச்சுன்னா படிப்ப விட்டுட்டு உங்ககூடக் காயெடுக்க வந்துர்றேன்."

"காட்டுல ஏற்கெனவே கூட்டம். நீ அங்கிட்டே நடுவுல போயி நில்லு."

போடியில் அவள் இறங்கி ஓடினாள். டிரைவர் துணியோடு கண்ணாடிப் பக்கம் வந்தார்.

"அதத் தொடைக்காத அப்பு. புள்ள எழுதிட்டு வரட்டும்." அந்த அம்மா கையைக் குறுக்கே வைத்துக்கொண்டார்.

துணி விலகியது, போடி வெயில் விலகவில்லை. மலை கரையத் தொடங்கியது. இடது அடிவாரம்தான் முதலில் காய்ந்தது. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளலாமா என்று இன்றும் யாரிடமாவது கேட்கத் தோன்றுகிறது.