எலுமிச்சம்பழம் ஏறிய வண்டி

மார்கழி அமாவாசையன்று காலை ஆறரை மணிக்குத் தாம்பரத்தில் காஞ்சிபுரம் பஸ் ஏறினோம். நான், என் வீட்டுக்காரர், அவர் மடியில் ஓர் அட்டைப்பெட்டி. டிக்கெட் தலைக்கு ஐம்பத்தைந்து ரூபாய். காஞ்சிபுரம் போகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் புடவை எடுக்கப் போவார்கள். நாங்கள் போனது பாறைக்கு. பெட்டிக்குள் இருந்தது ரிமோட்டில் ஓடுகிற, பாறை ஏறும் குட்டி வண்டி. கம்பெனியிலிருந்து வந்தபடியே, ஒரு திருகாணியைக்கூட மாற்றாத வண்டி. செங்குத்தான வழுக்குக் கல்லில் அது ஏறுமா என்று பார்க்க வேண்டும். அறுபதை நெருங்குகிற வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள், நானும் கேட்டேன்.

இவர் ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் பஸ் ஓட்டியவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. முதலில் வாய் திரும்பி வந்தது, அதில் ஆச்சரியமில்லை. பிறகு கால் வந்தது. வலது கை விரல்கள் மட்டும் அடம் பிடித்தன. பயிற்சிக்கு ரப்பர் பந்து கொடுத்தார்கள், சுவரில் விட்டெறிந்தார். அப்போதுதான் மகள் இந்த வண்டியை வாங்கி வந்தாள். ரிமோட்டில் சின்னதாக ஒரு ஸ்டியரிங் சக்கரம், வலது கையால் திருப்ப வேண்டும். அதைப் பார்த்ததும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஒரு நாள்கூடப் பயிற்சி தவறவில்லை.

வினை போனில் வந்தது. இந்த வண்டிக்காரர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. டயரை மாற்றாமல், முன்பக்கம் எடை சேர்க்காமல் இந்த வண்டி ஈரக்கல் ஏறாது என்று எல்லாரும் அதில் அடித்துச் சொல்லிவிட்டார்கள். ஏறும் என்று இவர் மல்லுக்கு நின்றார். அன்று இரவு என்னிடம் மட்டும் சொன்னார்: "ஏறலைன்னா பெட்டியில போட்டு மூடிடறேன் சாந்தி. எனக்கும் ஸ்டியரிங்குக்கும் அதோட சரி." வண்டி பரணுக்குப் போனால் அந்தக் கையும் பரணுக்குப் போய்விடும். அதனால்தான் கிளம்பினேன், ஊர் சுற்றும் ஆசையில் இல்லை.

படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழி. பிடிவாதமாக டிரைவருக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். வளைவுக்கு வளைவு இவர் கால் தரையை மிதித்தது. ஒரகடம் சிக்னலில் வாய் சும்மா இருக்கவில்லை.

"கிளட்ச் போயிக்கினு இருக்குதுபா, பாத்துக்க."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "பெரியவரே, நீங்களே வந்து ஓட்டறீங்களா?"

பஸ்ஸே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை. வலது கையை எடுத்துப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டார். வாலாஜாபாத் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

எட்டரை மணிக்குக் காஞ்சிபுரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். அங்கே என் தம்பி குமார் வீடு. அவனும் அவன் மனைவி செல்வியும் ஒரே தறியில் பட்டு நெய்கிறவர்கள். அமாவாசைக்குத் தறி ஓடாது என்பதால்தான் இந்த நாளைக் குறித்தோம். முன்னறையில் பாதி நெய்த மாம்பழ நிறப் புடவைமேல் வேட்டியைப் போர்த்தி வைத்திருந்தார்கள். சுக்கு, மிளகு போட்ட இட்லியைச் செல்வி தட்டில் வைக்க வைக்க, இவர் கணக்கில்லாமல் உள்ளே தள்ளினார்.

குமார் வண்டியைக் கையில் தூக்கிப் பார்த்தான். "இன்னா மாமா, புது வண்டிக்குப் பூஜை போட்டீங்களா?"

இவர் முகம் மாறிவிட்டது. முப்பது வருஷம் பூஜை போடாத வண்டியில் இவர் கை வைத்ததில்லை. உடனே தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்கு ஊர்வலம். நாலு எலுமிச்சம்பழம் இருபது ரூபாய், கற்பூரம் பத்து.

குருக்கள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "வண்டியை எங்க நிறுத்தியிருக்கேள்?"

"இதுதான் சாமி," என்றான் குமார்.

குருக்கள் நல்ல மனிதர். ஒரு கணம் யோசித்தார், பிறகு பெரிய வண்டிக்குச் செய்வதை அப்படியே செய்தார். முன்பக்கம் சந்தனம், குங்குமம். இவர் கேட்டுக்கொண்டபடி நாலு டயருக்கும் தாராளமாகச் சந்தனம். சக்கரத்துக்கு முன்னால் பழத்தை வைத்து, "நசுக்குங்கோ" என்றார். இவர் ரிமோட் விசையை இழுத்தார். வண்டி பழத்தை நசுக்கவில்லை. முன்சக்கரத்தைத் தூக்கிப் பழத்தின் மேல் ஏறி, நின்று, அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. பழம் அப்படியே இருந்தது.

"இதுக்கு நான் என்ன சொல்றதுன்னு தெரியலையே," என்றார் குருக்கள். கடைசியில் பழத்தை நான் செருப்பில்லாத காலால் மிதித்தேன்.

ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய் கொடுத்து, செவிலிமேடு போய் இறங்கி, பாலாற்றங்கரைக்கு நடந்தோம். மழை முடிந்த நேரம், ஆற்றில் தண்ணீர் இருந்தது. தண்ணீர் ஓடும் பாலாற்றைப் பார்த்தாலே எனக்குக் கும்பிடத் தோன்றும், கும்பிட்டேன். கரை அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இடுக்கெல்லாம் நீர் கசிந்து பாசி பிடித்திருந்தது. குமார் ஒரு கல்லைக் காட்டினான். என் இடுப்பு உயரம், சுவர் மாதிரி சரிவு, விரல் வைத்தால் வழுக்கியது. "இதான்," என்றார் இவர்.

முதல் தடவை வண்டி அரை முழம் ஏறிச் சறுக்கியது. அடுத்த தடவையும் அதே கதை. கல்லில் மஞ்சள் மஞ்சளாகக் கோடு. உற்றுப் பார்த்தால் சந்தனம்! பூஜை போட்ட புண்ணியத்தில் டயரின் பிடியெல்லாம் வழவழவென்று ஆகியிருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். குமார் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டபடியே ஆற்றுத் தண்ணீரில் டயரைத் தேய்த்துக் கழுவினான்.

கழுவிய பிறகு பிடி வந்தது. ஆனால் அப்போதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. துப்பாக்கி மாதிரி இருக்கும் ரிமோட்டை இடது கையில் பிடித்து, அந்தக் கை விரலாலேயே விசையை இழுக்க வேண்டும். அதே நேரத்தில் வலது கை சக்கரத்தைத் திருப்ப வேண்டும். இவருக்கு இடது விரல் இழுத்தால் வலது கை உறைந்துவிடுகிறது. வலது கை திருப்பினால் இடது விரல் விட்டுவிடுகிறது. வீட்டுத் தரையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து சமாளித்தார். வழுக்குக் கல்லில் விசையை விட்ட நொடியே வண்டி கீழே வந்துவிடுகிறது. எத்தனை தடவை விழுந்தது என்று நான் எண்ணவில்லை, எண்ண மனசு வரவில்லை.

"வண்டி மேல தப்பு இல்ல," என்றார் இவர். ரிமோட்டைக் கல்மேல் வைத்தார். "பெட்டிய எடு மச்சான்."

குமார் நகரவில்லை. அழுதால் இவருக்குக் கோபம் வரும், அதனால் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செல்விதான் ரிமோட்டை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல ரெண்டு வேல இருக்குதுண்ணா. ஒர்த்தரே செய்யணும்னு எதுக்கு மல்லுக்கட்டறீங்க? எங்க தறிய பாத்தீங்க இல்ல? உடம்பு வேற கலர், கரை வேற கலர். நூல் கோத்த நாடா மூணு ஓடணும். அவர் ரெண்ட எறிவாரு, பக்கத்துல உக்காந்து நான் ஒண்ண எறிவேன். அதுக்காக அது அரைப் புடவையா?"

இவர் "பெட்டிய எடு" என்று மறுபடியும் சொல்லவில்லை. எனக்கு அது போதும். ரிமோட்டை வாங்கி என் இடது கையில் பிடித்து, இவர் பக்கத்தில் போய் ஒட்டி நின்றேன். "நீங்க திருப்புங்க. நான் இழுக்கறேன்."

இவர் இடது கையால் தன் வலது மணிக்கட்டைத் தாங்கிச் சக்கரத்தில் விரலை வைத்தார். நான் இழுத்தேன். வண்டி பாய்ந்து, மல்லாக்க விழுந்து, நாலு சக்கரத்தையும் ஆட்டியது.

"ஏய், மெதுவா! ரயிலுக்கா போற?"

நான் அவசரக்காரிதான். பாலைக்கூடப் பெரிய தீயில் காய்ச்சிப் பொங்கவிடுகிறவள். இரண்டாவது தடவையும் கவிழ்த்தேன். செல்வி பின்னால் வந்து என் தோளைப் பிடித்தாள்.

"அண்ணி, வண்டிய பாக்காதீங்க. அண்ணன் கைய பாருங்க. நெய்ய சொல்லோ நான் உங்க தம்பி கையத்தான் பாத்துக்கினு இருப்பேன். அது அசைஞ்சாதான் என் நாடா போவும்."

பார்த்தேன். கஞ்சி குடிக்கவும் பித்தான் போடவும் என்னை எதிர்பார்த்த கை. அதைத் தூக்கிவிட்டிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. நடுவிரல் மெல்ல நகர்ந்தது, நான் கொஞ்சம் இழுத்தேன். விரல் நின்றது, இழுத்த விசையை விடாமல் பிடித்தபடி நானும் நின்றேன். ஆள்காட்டி விரல் நடுங்கி, பிறகு நடுக்கம் அடங்கி, சக்கரத்தை இடது பக்கம் கொண்டுபோனது. நானும் கூடவே போனேன். திடீரென்று குமார் "மாமா!" என்று கத்தினான், செல்வி கை தட்டினாள். நிமிர்ந்து பார்த்தால் வண்டி கல்லின் உச்சியில், வெயிலில் நிற்கிறது.

ஆக, எதைப் பார்க்க இத்தனை தூரம் வந்தோமோ அதை நான் பார்க்கவில்லை. இரண்டு கல் சேரும் இடுக்கில் முன்சக்கரத்தைக் கொடுத்து, பின்பக்கம் பாசியில் வழுக்கி, பிடித்து, ஏறியது என்று குமார் சொன்னான். கம்பெனி கொடுத்த அதே டயர், அதே எடை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஐந்து விரல்கள்தான்.

மாலை நாலு மணிக்கு அதே தாம்பரம் பஸ், அதே ஐம்பத்தைந்து ரூபாய். காலையில் பார்த்த அதே டிரைவர். இவர் முன்சீட்டுக்குப் போகவில்லை, நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் கவனித்தேன், மடியில் வண்டி மட்டும் இருந்தது.

"பெட்டி எங்கங்க? மறந்துட்டீங்களா?"

"செல்வி கிட்ட குடுத்துட்டேன். ஜரிகை போட்டு வெச்சிக்கட்டும்."

"அப்ப இத எதுல வெச்சி மூடறது?"

"எதுக்கு மூடணும்?" என்றார்.

ஒரகடம் வளைவில் பஸ் குலுங்கியது. வண்டி மடியிலிருந்து நழுவப் பார்த்தது. நான் கை நீட்டுவதற்குள் இவர் அதைப் பிடித்துவிட்டார், வலது கையால்.