மெரின் சுமந்த கரு

ப்ரோக்கன் ஹில் சுரங்கத்தில் பதினேழு வருடமாகத் தாது லாரி ஓட்டியவள் மெரின். ஆறடி உயரம், யாருக்கும் சளைக்காத வாய். பிள்ளை பெறுவது தனக்குச் சரிப்படாது என்று சின்ன வயதிலேயே முடிவுகட்டியவள். குழந்தைக்காகத் தவித்தவள் அவள் மனைவி இல்ஸா. உள்ளூர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர்.

முகம் தெரியாத ஒருவர் கொடுத்த விந்தணுவையும் இல்ஸாவின் முட்டைகளையும் சேர்த்து ஐந்து கருக்கள் உருவாக்கி உறையவைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி அடிலெய்டில். காரில் ஐந்தரை மணி நேரம். இல்ஸாவுக்கு நான்கு முறை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு ஒட்டவேயில்லை, இரண்டு ஒட்டிக் கலைந்தன. இனி அவள் கருப்பை தாங்காது என்று டாக்டர் சொன்ன அன்று, திரும்பும் வழியில் மெரின் காரை ஓரங்கட்டினாள்.

"இன்னும் ஒண்ணு மிச்சமிருக்குல்ல. அதை எனக்கு வைக்கச் சொல்லு."

"உனக்கா? கல்யாணத்துக்கே கவுன் போடமாட்டேன்னவ நீ."

"இப்பவும் போடமாட்டேன். இது வேற."

"என் மேல பரிதாபப்பட்டுச் செய்யாதடி."

"பரிதாபமெல்லாம் இல்ல. ஒவ்வொரு தடவையும் நீ பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அழுவுற. நான் மரம் மாதிரி வெளிய நிக்கிறேன். இனிமே என்னால அப்படி நிக்க முடியாது."

கரு ஒட்டிக்கொண்டது. கர்ப்பிணியைச் சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால் மெரினை மேலே, லாரிகளுக்கு வழிசொல்லும் ரேடியோ அறையில் உட்காரவைத்தார்கள்.

"அப்பன் யாரு மெரின்? நம்ம ஷிப்டு ஆளா?" என்று ரேடியோவில் சீண்டினான் கீழே லாரி ஓட்டும் கோல்பி.

"உன்னை மாதிரி முட்டாள் இல்லைன்னு டாக்டர் சத்தியம் பண்ணியிருக்கார். வண்டியைப் பாத்து ஓட்டு."

வயிற்றுக்குள் முதல் அசைவு தெரிந்தபோது அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் தனக்கென்று வைத்துக்கொண்டு, பிறகுதான் இல்ஸாவின் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள்.

இருபத்தோராவது வாரம், ரேடியோ அறை நாற்காலியிலேயே பனிக்குடம் உடைந்தது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இல்ஸாவின் உள்ளங்கையில் அடங்கிய அது நாற்பது நிமிடம் மூச்சுவிட்டது. வில்லா என்று பெயர் வைத்தார்கள். பதிவுத் தாளில் தாய் என்று இருவர் பெயரும் இருந்தன; பிறப்புக்கும் இறப்புக்கும் ஒரே தேதி.

மூன்றாம் நாள் மெரினுக்குப் பால் கட்டிக்கொண்டது. வலியில் பல்லைக் கடித்தபடி அடுக்களையில் நின்றாள். வீக்கம் வற்றக் குளிர்ந்த முட்டைக்கோஸ் இலைகளை அவள் மார்பில் வைத்துக் கட்டிவிட்ட இல்ஸா, நிமிராமலே சொன்னாள்.

"எனக்கு இது கூட வரலை."

மெரினுக்குச் சுருக்கென்றது. "எடுத்துக்கயேன். இந்த வலியையும் சேத்து எடுத்துக்க."

இல்ஸா ஈரக் கையோடு வெளியே போனாள். அப்புறம் ஐந்து வாரம் மில்டூராவில் அக்கா வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தவள் மன்னிப்புக் கேட்கவில்லை, மெரினும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள் மெரின்.

அதற்குள் அவள் லாரிக்குத் திரும்பியிருந்தாள். முதல் நாள் கோல்பி ஹெல்மெட்டைக் கழற்றி நின்றான். "என்ன சொல்றதுன்னே தெரியல, மெரின்."

"ஒண்ணும் சொல்லாத."

அடுத்த குளிர்காலத்தில் அடிலெய்டு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. புதிதாக முட்டை எடுத்து முயன்று பார்க்கலாமா என்று கேட்டார்கள். மெரின் ரிசீவரை மூடிக்கொண்டு இல்ஸாவைப் பார்த்தாள். அவள் நோட்டுத் திருத்துவதை நிறுத்தி, இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"வேண்டாங்க," என்றாள் மெரின். "லிஸ்ட்லேருந்து எங்க பேரை எடுத்துருங்க."