சம்மதத்தை வாயால் சொன்ன எங்கள் அக்கா

அக்கா மௌத்தாகி ஓராண்டு நிறைகிறது. இப்படி ஒரு நினைவு மலர் அச்சடிக்கப் போகிறோம் என்றதும் உறவுக்காரர் ஒருவர், "மார்க்கத்துல இதுக்கெல்லாம் இடம் இருக்கா தம்பி?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா இருந்திருந்தால் அந்தக் கேள்வியை அவரே முதலில் கேட்டிருப்பார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் அனுப்பிப் பதில் வாங்கி, அந்தப் பதிலிலிருந்து இன்னொரு கேள்வியையும் எடுத்திருப்பார். கேட்காமல் இருக்க அக்காவால் முடியாது. அவருடைய வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் எனக்கு அவருடைய கேள்விகள்தான் வரிசையாக நினைவுக்கு வருகின்றன.

கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில், குடமுருட்டிப் பாசனத்தில் இருக்கிறது எங்கள் ஊர். எங்களைப் பெற்ற அத்தாவுக்கு நெல் வியாபாரம். பிள்ளைகளில் மூத்தவர் அக்கா, கடைக்குட்டி நான். ஓதுகிற பள்ளியில் உஸ்தாது ஒருநாள் சொத்துப் பங்கைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தாராம். ஆண் பிள்ளைக்கு இரண்டு பங்கு, பெண் பிள்ளைக்கு ஒரு பங்கு, ஏனென்றால் குடும்பத்தைக் காப்பாற்றும் கடமை ஆணுக்கு, பெண்ணின் பங்கோ அவளுக்கே சொந்தம் என்று விளக்கியிருக்கிறார். அக்கா கையைத் தூக்கியிருக்கிறார். "கூடப் பொறந்தவன் காப்பாத்தலன்னா, அந்தக் கூடுதல் பங்கைத் திருப்பி வாங்கிக்கலாமா உஸ்தாது?"

உஸ்தாது நல்ல மனிதர். அன்று மாலையே அத்தாவின் கடைக்கு வந்து, "உங்க பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு, நான் கிதாபைப் பார்த்துட்டுத்தான் சொல்லணும்" என்று ஒப்புக்கொண்டார். அத்தா இதை நெல் போட வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனார். பதில் என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. ஆனால் அக்காவின் கண்ணில் படும்போதெல்லாம் எனக்குக் கடமை ஞாபகம் வரும்.

அக்காவின் முதல் நிக்காஹைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை ஹஜ்ரத்தோடு சபையில் இருப்பார். பெண்ணின் தகப்பனாரும் இரண்டு சாட்சிகளும் உள்ளே வந்து திரைக்கு இந்தப் பக்கம் நின்று சம்மதமா என்று கேட்பார்கள். கன்னிப்பெண் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம். அந்த மௌனத்தை வெளியே அறிவிக்க வீட்டுக்கு வீடு ஒரு பெண்மணி இருப்பார். எங்கள் வீட்டில் அது அத்தாவின் தங்கை, எங்கள் மாமி.

அத்தா கேட்டார். அக்கா தலையைக் குனிந்தார். "குனிஞ்சுட்டா, சரின்னுட்டா!" என்று மாமி ஒரு குரல் கொடுத்தார், காரியம் முடிந்தது.

"நான் தும்மறதுக்குடா குனிஞ்சேன்" என்று அக்கா பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"அப்ப உனக்குச் சம்மதம் இல்லையாக்கா?"

"சம்மதம்தான். ஆனா அது மாமிக்கு எப்படித் தெரியும்?"

அந்த முதல் மச்சான் தங்கமான மனிதர். சவூதியில் வேலை பார்த்தார். மகள் ரிஸ்வானா தவழத் தொடங்கிய சமயத்தில் அங்கேயே சாலை விபத்தில் போய்விட்டார். முகம் பார்க்கக்கூட அக்காவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாட்களில், அக்கா குர்ஆனின் தமிழ் தர்ஜுமாவை வைத்துக்கொண்டு படித்தபடியே இருந்தார். கும்பகோணத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த நான்தான் அவருக்கும் ஹஜ்ரத்துக்கும் நடுவே தபால்காரன். கணவன் சொத்தில் மனைவிக்கு என்ன பங்கு? நிக்காஹில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரை யாராவது எடுத்துச் செலவழிக்கலாமா? பிடிக்காத கணவனிடமிருந்து பெண்ணே பிரிந்துகொள்ளும் குலாவுக்கு யாரிடம் போக வேண்டும்? இதெல்லாம் எதற்கு இந்த நேரத்தில் என்று எனக்குக் குழப்பம். "தெரிஞ்சுக்கறதுக்குத்தான்டா" என்பார். அழுகையை அடக்கத்தான் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாரோ என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குள் அத்தாவும் காலமானார். பெரியத்தா, அதாவது அத்தாவின் அண்ணன், குடும்பத்துக்குப் பொறுப்பேற்றார். சில வருடங்கள் கழித்து அவர்தான் அக்காவுக்கு மறுமணம் பேசினார். மாப்பிள்ளை வலங்கைமானில் உரக்கடை வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. எல்லாருக்கும் திருப்தி. ஆனால் ரிஸ்வானா எங்கள் வீட்டிலேயே என் அம்மாவிடம் இருக்கட்டும் என்று பெரியத்தா முடிவு செய்துவிட்டார். "புது இடத்துக்குப் பிள்ளையும் கையுமா போனா நல்லா இருக்காதும்மா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

நிக்காஹ் நாள் வந்தது. இம்முறை சாட்சிகளில் ஒருவன் நான். பெரியத்தா திரைக்கு முன்னால் நின்று, மாப்பிள்ளை பெயரையும் மஹரையும் சொல்லி, "சம்மதமாம்மா?" என்று கேட்டார். உள்ளே சத்தமில்லை. மாமிக்குப் பழைய பழக்கம் விடுமா? "சரின்னுட்டா, போங்க போங்க, பிரியாணி ஆறுது!"

பெரியத்தா திரும்பி இரண்டடி நடந்துவிட்டார்.

"பெரியத்தா, நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

அல்லாஹ்வே! மாமி வாயைப் பொத்திக்கொண்டார். அக்காவின் குரல் மட்டும் நிதானமாக வந்தது. "ரிஸ்வானா என்னோடதான் இருப்பான்னு மாப்பிள்ளை சபையில ஒத்துக்கட்டும். ஒத்துக்கிட்டா எனக்குச் சம்மதம். இல்லைன்னா இல்ல."

பெரியத்தாவுக்கு முகம் சிவந்தது. "கிதாபுல என்ன இருக்கு தெரியுமா உனக்கு? மறுமணம் பண்ணிக்கிட்டா பிள்ளையை வச்சுக்கிற உரிமை தாய்க்குப் போயிடும்."

"தெரியும் பெரியத்தா. எனக்குப் போனா அடுத்து யாருக்கு வரும்? என்னைப் பெத்த அம்மாவுக்கு. அம்மா இங்கதான் உக்காந்திருக்காங்க. அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க."

அம்மாவை யாரும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. உள்ளேயிருந்து அம்மா மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொன்னார்: "பிள்ளை அதோட தாய்கிட்டயே இருக்கட்டும்."

"நீயே போய் இந்தக் கூத்தைச் சபையில சொல்லு" என்று பெரியத்தா என்னைத் தள்ளிவிட்டார். ஊரே உட்கார்ந்திருந்த இடத்தில் போய்ச் சொன்னேன். கசமுசா எழுந்தது. ஹஜ்ரத் கையமர்த்தினார். "ஏற்கெனவே நிக்காஹ் ஆன பொண்ணு. அது வாயால சொன்னாத்தான் சம்மதம், பேசாம இருந்தா செல்லாது. அது சொல்லிடுச்சு. இப்ப மாப்பிள்ளையைக் கேப்போம்."

புது மச்சான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். என் பின்னாலேயே வந்து நின்ற பெரியத்தாவை ஒருமுறை பார்த்தார். பிறகு, "சரிங்க ஹஜ்ரத். பிள்ளை வரட்டும்" என்றார். அன்று பிரியாணி நன்றாகவே ஆறிப்போயிருந்தது.

வலங்கைமானில் அக்கா மேலே படித்து ஆசிரியை ஆனார். பள்ளியில் பிள்ளைகளுக்கு அறிவியல், மாலையில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு மார்க்கச் சட்டம். இந்து வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்து, "எங்கள்ல இது எப்படி டீச்சர்?" என்று கேட்பார்கள். "அது எனக்குத் தெரியாதே, வாங்க விசாரிப்போம்" என்று அக்கா செருப்பை மாட்டிக்கொள்வார். எங்கள் வீட்டு நிக்காஹ்களில் மணப்பெண்ணைத் தவிர வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது எழுதாத சட்டமாயிற்று. மாமி இப்போதும் அந்த நேரத்தில் வெற்றிலையைப் போட்டு வாயை அடைத்துக்கொள்கிறார். ரிஸ்வானா தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியையாக இருக்கிறாள். எல்லாப் புகழும் இறைவனுக்கே.

நோய் வந்தபோதும் அக்கா மாறவில்லை. தஞ்சாவூர் மருத்துவமனையில் ஒவ்வொரு ஊசிக்கும் விளக்கம் கேட்டார். இளம் டாக்டர் ஒருவர், "பாட்டி, நீங்க எனக்கு வைவா வைக்கிறீங்க" என்று சிரித்தார். "பாட்டியா? அதை முதல்ல விளக்குங்க" என்றாராம் அக்கா. ரிஸ்வானாவின் கையைப் பிடித்தபடியே, ஒரு பகல் பொழுதில் அவர் மூச்சு அடங்கியது.

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரிஸ்வானாவோடு சேர்ந்து அக்காவைக் குளிப்பாட்டிக் கஃபன் அணிவித்த பெண்களுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் போட்டுக் கொடுத்த பக்கத்து வீட்டுக் குடும்பத்துக்கும், ஜனாஸாவைச் சுமந்த தோள்களுக்கும் எங்கள் நன்றி. அக்காவின் பிழைகளைப் பொறுத்து அவருக்காக துஆ செய்யுங்கள்.

கடைசியாக மச்சானுக்கு. இத்தனை வருடங்களாக என்னைக் குடைந்துகொண்டிருந்த ஒன்றைப் போன மாதம் அவரிடம் கேட்டே விட்டேன். ரிஸ்வானாவும் கூட இருந்தாள்.

"அன்னைக்குச் சபையில நான் வந்து சொன்னப்ப உங்களுக்குக் கோபம் வரலையா மச்சான்?"

"பிள்ளை வராதுன்னு உங்க பெரியத்தா சொன்னப்ப, உங்க அக்காதான் அதை வேண்டாம்னு விட்டுட்டு வர்றான்னு நெனச்சேன் தம்பி. பெத்த பிள்ளையை விட்டுட்டு வர்றவ எப்படிப்பட்டவளோன்னு மனசு அடிச்சுக்கிச்சு. எந்திரிச்சுப் போயிடலாமான்னுகூட இருந்துச்சு. நீ வந்து சொன்னப்புறம்தான் எனக்கே சம்மதம் வந்துச்சு."

"இதை அக்காகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லலியே. என்னென்னமோ கேட்டா. இதை மட்டும் அவ கேக்கவே இல்ல."

ரிஸ்வானா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்கிட்ட சொல்லுங்கத்தா, நான் கேக்கறேன்" என்றாள்.