தொடைக்குள் இருக்கும் ஸ்குரு

மலாயாவின் அவசரகாலத்தில் கூலிம் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் நான் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்குப்பிள்ளை. சாமான் வாங்கித் தருவதும், கேட்டவரை மட்டம் தட்டுவதும் என் வேலை. இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது. ரப்பர்ப் பாலை அமிலம் விட்டு உறையவைக்கும் தொட்டிக்கு, அதே உலோகத்தில் ஸ்குரு வேண்டுமென்றார் ஃபிட்டர் மாணிக்கம். "ஸ்குருவுக்கும் சாதி பார்க்கணுமாப்பா?" என்று கிடைத்ததை நீட்டினேன். தொட்டி அரித்து ஒழுகியது. மாணிக்கத்தின் வேலை சரியில்லை என்று துரையிடம் சொல்லிவிட்டேன்.

பிறகொரு நாள், ஊரடங்குக்குள் வீடு சேரச் சைக்கிளில் பறந்து, கால்வாயில் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டேன். சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் எலும்பின்மேல் தகடு வைத்துத் திருகினார்கள். புண் ஆறவில்லை. தகட்டைக் கழற்றிய டாக்டர், அடுத்ததும் இப்படியானால் காலையே எடுக்க நேரும் என்றார்.

என்னைப் பார்க்க வந்த மாணிக்கம், கழற்றிய தகட்டையும் ஸ்குருவையும் டாக்டரிடம் வாங்கிப் பார்த்தார்.

"தகடு ஒரு உலோகம், ஸ்குரு வேற உலோகம்லா, டாக்டரய்யா. ஈரத்துல ஒண்ண ஒண்ணு தின்னுரும். எங்க தொட்டியும் இப்படித்தான் போச்சு."

"தொட்டிக்கு யார் அந்த ஸ்குருவைக் கொடுத்தது?"

நான் போர்வையை இழுத்துக்கொண்டேன். மாணிக்கம் என்னை ஒருமுறை பார்த்தார்.

"கடையில அதுதாங்க கெடச்சிச்சு."

அதே மாதிரித் தகட்டையும் ஸ்குருவையும் டாக்டர் உப்புநீரில் போட்டு, தினமும் பார்த்து நோட்டில் எழுதினார். பிறகு பினாங்கிலிருந்து இரண்டையும் ஒரே உலோகத்தில் வரவழைத்துப் பொருத்தினார். எலும்பு கூடியது.

தோட்டம் திரும்பியதும் பங்களா மேட்டில் ஏறி, தொட்டியைக் கெடுத்தவன் நானே என்று துரையிடம் சொன்னேன். அந்த மேடேற எனக்குக் கால் கொடுத்தவர் மாணிக்கம்தானே.