இறக்கி வைத்த முதல் கம்பி

வெலாப்பி ஷெசி ஜோகன்னஸ்பர்க்கில் கார் கழுவியது வயிற்றுக்காக. கிதார் வாசித்தது ஜூலு நாட்டுத் துகேலா ஆற்றங்கரையில் பிறந்துவிட்ட காரணத்துக்காக. கம்பிக்குச் சுருதி சேர்க்கும்போது முதுகைத் திருப்பிக்கொள்வான். அந்த ரகசியத்தைச் சொந்தத் தம்பிக்கும் காட்டியதில்லை.

எழுபத்தொன்பதில் அவனோடு ஹென்னி என்ற வெள்ளைக்காரன் சேர்ந்தான். எலெக்ட்ரிக் கிதார், ராக் பைத்தியம், தட்டுத்தடுமாறிய ஜூலு மொழி. இருவரும் சேர்ந்து வாசிப்பது நிறவெறிச் சட்டத்துக்கும் பிடிக்கவில்லை, வெலாப்பி தங்கியிருந்த தொழிலாளர் விடுதிக்கும் பிடிக்கவில்லை. போலீஸுக்குப் பயந்து ஹென்னி பின்சுவரேறிக் குதித்துத்தான் உள்ளே வருவான்.

மூன்றாவது வாரம், விடுதி முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுப் போட்டி. விடுதித் தலைவர் ஸோண்டி கறாராகச் சொல்லிவிட்டார்.

"அந்த இரைச்சலை ஜூலு பாட்டுன்னு இன்னைக்கு என் காது ஒத்துக்கணும். இல்லேன்னா இனிமே இந்த முற்றத்துல உன் கிதார் சத்தமே கேக்கக் கூடாது."

வெலாப்பி தைரியத்துக்கு ஒரு வாய் சோள பீர் குடிக்கப் போனான். ஹென்னி அவன் கிதாரைத் தட்டிப் பார்த்தான். முதல் கம்பி சுருதி இறங்கிக் கிடந்தது. 'பாவம், கவனிக்கவில்லை' என்று முறுக்கி ஏற்றிவைத்தான்.

முற்றம் நிறைந்திருந்தது. எல்லாப் பாட்டும் கிதாரின் தனி ஓட்டத்தில்தான் தொடங்க வேண்டும். வெலாப்பியின் விரல் ஓடியது. கிதார் கழுத்து அறுபடும் ஆடாகக் கத்தியது.

"மாமா, அறுக்கிறதுன்னா நல்ல கத்தியா பாத்து அறு!" என்றது கூட்டம்.

"எவன்டா இதைத் தொட்டது?" என்று திரும்பினான் வெலாப்பி.

"நான்தாண்ணே," என்றான் ஹென்னி பெருமையாக. "எறங்கிக் கெடந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

"எங்கப்பன் காலத்துலேர்ந்து எறங்கித்தாண்டா கெடக்கு!"

ஸோண்டி நாற்காலியை விட்டு எழப்போனார். பாட்டின் நடுவே தன் ஊரையும் ஆற்றையும் முன்னோரையும் சொல்லி மார்தட்டுவது வழக்கம். வெலாப்பி அதை முன்னாலேயே எடுத்துவிட்டான், கை முறுக்காணியைத் திருகத் திருக.

"துகேலாத் தண்ணி குடிச்சவன் நான்! வெள்ளைக்காரன் ஏத்துனதை அவன் கண்ணெதிர எறக்குறவன் நான்!"

விசில் பறந்தது. ஏழு தலைமுறை தீர்ந்தும் கம்பி சேரவில்லை.

"டேய், இப்ப நீ சொல்லு! உன் ஊரு, உன் அப்பன், உன் ஆறு!" என்று ஹென்னியை முன்னால் தள்ளினான் வெலாப்பி.

ஹென்னியும் மார்தட்டினான்.

"ஊரு பொக்ஸ்பர்க். அப்பா ஃப்ரிட்ஜ் விக்கிறாரு. ஆறு... இல்லண்ணே. ஒரு ஏரி இருக்கு. வாத்து மிதக்கும்."

விடுதியே இடிந்து விழுவதுபோலச் சிரிப்பு. "வாத்துக்கு வழி விடுங்கடா!" என்று யாரோ கத்த, அந்த ஆரவாரத்தில் கம்பி தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. வெலாப்பியின் ஓட்டம் பாய்ந்தது. பின்னாலேயே ஹென்னியின் இரைச்சலும். ஆண்கள் ஜூலு ஆட்டத்தில் காலைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் அறைந்தார்கள். ஸோண்டியின் கால் அவரைக் கேட்காமலே அறைந்தது.

முடிந்ததும் அவர் வெலாப்பியைக் கூப்பிட்டார்.

"கிதாரை வெச்சுக்க. வாத்துக்காரனை இனிமே வாசல் வழியா வரச் சொல்லு, போலீஸை நான் பாத்துக்கறேன். அவன் சுவரேறிக் குதிச்சுக் குதிச்சு என் கோழி முட்டை போடறதையே நிறுத்திருச்சு."

அதன்பின் வெலாப்பி பீர் குடிக்கப் போனாலும், ஒதுங்கப் போனாலும் கிதாரும் கூடவே போனது.